ஏகாம்பரத்தின் வயது 58.0000

திங்கட்கிழமை காலை பத்தே காலுக்கு மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அவசரமில்லாமல், ஒவ்வொரு படிக்கும் உரிய மரியாதை கொடுத்து ஏறி வருகிற சத்தம். மெஹக் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே சொல்லிவிட்டாள்.

“சார், சுசீலா மேடம் வர்றாங்க.”

பக்தவத்சலம் மேஜைமேல் கிடந்த வாழைப்பழத் தோலை அவசரமாக டிராயருக்குள் தள்ளினார். வாடிக்கையாளர்கள் போனில் கத்துவார்கள், வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்புவார்கள். அதெல்லாம் சகஜம். நேரில் படியேறி வந்துவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு டிபன் கடைக்கு மேலே இருந்தது பக்தவத்சலத்தின் சாஃப்ட்வேர் கம்பெனி. முதலாளியும் அவர்தான், பதினெட்டு வருஷமாக எழுதிய புரோகிராம்களில் பாதிக்கு மேல் ஆசிரியரும் அவர்தான். மீதியை எழுதுவது மெஹக். பூந்தமல்லியிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வருகிறவள். ஐந்து வருஷமாக இங்கேதான் வேலை. வேறு இரண்டு பேரும் உண்டு. அவர்கள் எப்போதும் வாடிக்கையாளர் இடத்தில் பிரிண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார்கள்.

சுசீலா இரண்டு தெரு தள்ளி ஓர் அளவுச் சோதனைக் கூடம் நடத்தினார். எஸ்டேட்டில் இருக்கிற பட்டறைகளின் மைக்ரோமீட்டர், வெர்னியர், ஸ்டீல் ஸ்கேல் எல்லாம் அங்கே வரும். அவை சரியாக அளக்கின்றனவா என்று பார்த்துச் சான்றிதழ் கொடுப்பார்கள். அந்தச் சான்றிதழை அச்சடிக்கிற புரோகிராம் பக்தவத்சலத்தினுடையது; போன மாதம்தான் புதிதாகப் போட்டது.

சுசீலா உட்காரவில்லை. ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். ஒரு வரியில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தது.

“என்னோட சைபர் எங்க சார்?”

பக்தவத்சலம் தாளை எடுத்துப் பார்த்தார். ஸ்லிப் கேஜ், அதாவது கண்ணாடி போலப் பளபளக்கிற சின்ன இரும்புக் கட்டி. அளந்த நீளம்: 25 மில்லிமீட்டர்.

“இருபத்தஞ்சு. சரியாத்தானே இருக்கு மேடம்?”

“நாங்க இருபத்தஞ்சு புள்ளி சைபர் சைபர் சைபர் சைபர்னு பதிவு பண்ணோம். நாலு சைபர் காணோம்.”

“சைபர்தானே மேடம். இருந்தாலும் இருபத்தஞ்சு, இல்லாட்டியும் இருபத்தஞ்சு.”

மெஹக் மெதுவாக நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாள். சுசீலாவின் கணவருக்கு ஆவடியில் தொழிற்சாலை வேலை. குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் கத்தரிச்செடிக்குக்கூட இந்த அம்மாள் ஸ்கேல் வைத்து இடைவெளி விடுவார் என்று கேள்விப்பட்டிருந்தாள்.

“சார், வெறும் இருபத்தஞ்சுன்னா நான் குத்துமதிப்பா பாத்தேன்னு அர்த்தம்,” என்றார் சுசீலா, ஒவ்வொரு சொல்லாக. “நாலு சைபர் போட்டா, மில்லிமீட்டர்ல பத்தாயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் பாத்தேன், அங்க ஒண்ணும் இல்லன்னு அர்த்தம். அதப் பாக்கத்தான் நாப்பது நிமிஷம் ஏசி ரூம்ல மூச்ச அடக்கிக்கிட்டு உக்காந்தோம். வெள்ளிக்கிழமை எனக்கு ஆடிட். கோயமுத்தூர்லேர்ந்து ஆள் வர்றார். சைபர் வேணும்.”

வந்த மாதிரியே ஒவ்வொரு படியாக இறங்கிப் போனார்.

“டேட்டாபேஸ்தான் முழுங்கியிருக்கு,” என்றார் பக்தவத்சலம் உடனே. “நம்ம புரோகிராம்ல ஒண்ணும் இருக்காது.”

“பாக்கலாம் சார். எனக்கு ரெண்டு நாள் குடுங்க.”

“ரெண்டு நாளா? அஞ்சு நிமிஷ வேலம்மா இது!”

அவரே உட்கார்ந்தார். அச்சடிக்கிற இடத்தில் ஒரே ஒரு வரி: எந்த எண் வந்தாலும் புள்ளி வைத்து நான்கு இலக்கம் காட்டு. ஐந்து நிமிஷம் என்றவர் மூன்றே நிமிஷத்தில் முடித்தார். சுசீலாவின் கூடத்துக் கணினிக்குப் புதுப் புரோகிராமை அனுப்பிவிட்டு, கீழே போய் ஒரு மெதுவடை சாப்பிட்டுவிட்டு வந்தார்.

செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தது. சுசீலா இல்லை, அவருடைய கூடத்தில் இருபது வருஷமாக அளந்துகொண்டிருக்கிற ஏகாம்பரம்.

“இன்னாம்மா மெஹக்கு, எனக்கு வயசு இன்னா தெரியுமா?”

“தெரியாதுண்ணா.”

“அம்பத்தெட்டு புள்ளி சைபர் சைபர் சைபர் சைபர்! ஆடிட்டுக்கு ஸ்டாஃப் லிஸ்ட்டு எடுத்தா அப்டிதான் வந்துகீது. எங்க ஆயாவுக்கே நா எந்த மாசம் பொறந்தேன்னு தெரியாது. இஸ்கோல்ல சேக்க சொல்லோ வாத்தியார் குத்துமதிப்பா ஒரு தேதி போட்டாரு. உங்க கம்ப்யூட்டரு நாலு புள்ளி வரிக்கும் கண்டுபுச்சிட்ச்சு! ஊட்ல சொன்னா ஜாதகம் எய்தச் சொல்லுவாங்க.”

மெஹக் போனைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“அத்த வுடு. பின்கோடு கீதே, ஆறு லட்சத்து அம்பத்தெட்டு புள்ளி நாலு சைபர். போஸ்ட்மேன் எங்க போயி குடுப்பான்? மேடம் இங்க சாமி வந்த மாதிரி நின்னுகினு கீறாங்க. நீ வந்துரும்மா.”

மெஹக் போனாள். சுசீலா உண்மையிலேயே நின்றுகொண்டுதான் இருந்தார். கையில் இன்னொரு சான்றிதழ். எஸ்டேட்டில் ஒரு தச்சுப்பட்டறைக்காரர் கொண்டுவந்த ஸ்டீல் ஸ்கேலுக்கானது.

“இத பாரு. முன்னூறு புள்ளி நாலு சைபர். இது பள்ளிக்கூடத்துப் பசங்க முதுகு சொறியற ஸ்கேலு. அரை மில்லிமீட்டருக்குக் கீழ இதுல ஒண்ணும் தெரியாது. இதை நான் பத்தாயிரத்துல ஒரு பங்கு வரைக்கும் பாத்தேன்னு கையெழுத்துப் போட்டிருக்கு. நேத்து சைபரைத் திருடினீங்க. இன்னிக்கு என்னைப் பொய் சொல்ல வைக்கிறீங்க.”

“மேடம், ஒவ்வொரு கருவிக்கும் எத்தனை இலக்கம்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுத்தா…”

“எதுக்கு? ஏகாம்பரம் டைப் அடிக்கும்போதே சரியாத்தான் அடிக்கறார். ஸ்கேலுக்கு 300.0, கேஜுக்கு 25.0000. அவர் அடிச்சது அப்படியே வரணும். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

அதைவிட நியாயமான கோரிக்கையை மெஹக் அந்த வருஷத்தில் கேட்டதில்லை. அங்கேயே ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, சான்றிதழ் புரோகிராமை மூடிவிட்டு, டேட்டாபேஸுக்குள் நேராகப் போய்ப் பார்த்தாள். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் பளிச்சென்று இருந்தது: 25.0000. அடுத்த வரியில் 300.0. ஒரு சைபர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஆக, டேட்டாபேஸ் நிரபராதி. அச்சடிக்கிற புரோகிராமுக்கு வரும்போது சைபர் இல்லை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்.

மெஹக் கறுப்புத் திரையை மூடினாள்.

நடுவில் இருந்தது ‘சேது’. டேட்டாபேஸுக்கும் மற்றப் புரோகிராம்களுக்கும் பாலமாக பக்தவத்சலம் தன் கையால் எழுதியது. கம்பெனியின் இருபத்திரண்டு வாடிக்கையாளர்களும் அதன்மேல்தான் போய் வந்துகொண்டிருந்தார்கள். எங்கேயாவது என்ஜினியரிங் காலேஜில் அவரைப் பேசக் கூப்பிட்டால் சேதுவைப் பற்றித்தான் பேசுவார். அதில் யாரையும் கை வைக்க விட்டதில்லை.

புதன்கிழமை காலை அவர் வருவதற்கு முன்பே வந்து மெஹக் சேதுவைத் திறந்து படித்தாள். டேட்டாபேஸ் ஓர் எண்ணை அனுப்பும்போது நான்கு நான்கு இலக்கமாக நறுக்கி அனுப்பும். கூடவே சில குறிப்புகள் வரும்: முதல் துண்டு புள்ளிக்கு எந்தப் பக்கத்தில் எத்தனையாவது இடம், எண் கூட்டலா கழித்தலா, புள்ளிக்குப் பின்னால் எத்தனை இலக்கம் காட்ட வேண்டும். எண் எவ்வளவு நீளமாக இருந்தாலும் இந்த ஏற்பாட்டில் ஒரு இலக்கம்கூட வழியில் சிந்தாது. ஓரங்களில் வெறும் சைபராக இருக்கிற துண்டுகளை மட்டும் அனுப்பாது; குறிப்பை வைத்து நாம் போட்டுக்கொள்ள வேண்டும்.

25.0000-க்கு வந்தது ஒரே துண்டு, 25. கூடவே ‘நான்கு இலக்கம் காட்டு’ என்ற குறிப்பு. சேது அந்தக் குறிப்பை ஒழுங்காகப் படித்தது. படித்துவிட்டுத் தூக்கி எறிந்தது. பிறகு எண்ணை மெஷினுக்குப் பழக்கமான வடிவத்துக்கு மாற்றியது. மெஷின் எதையும் இரண்டு இரண்டாகத்தான் பிரித்து வைத்துக்கொள்ளும். பத்தில் ஒரு பங்கு அதற்குச் சரியாகப் பிரியவே பிரியாது. அதனால் சில எண்களுக்குக் கடைசியில் நீளமாக ஒரு வால் முளைக்கும். அந்த வாலை வெட்ட சேதுவில் ஒரு வரி இருந்தது. வாலோடு சேர்த்துச் சைபர்களையும் அது வெட்டிக்கொண்டு போனது.

அந்த வரிக்குப் பக்கத்தில், ஆங்கில எழுத்தில் தமிழாக, ஒரு குறிப்பு: ‘கடைசி சைபர் எல்லாம் யாருக்கு வேணும், விடு. ப.வ., 2016.’

மெஹக் அதை மூன்று முறை படித்தாள். பத்தரைக்கு பக்தவத்சலம் உள்ளே வந்தார்.

“என்னம்மா, டேட்டாபேஸ்காரனுக்கு மெயில் போட்டியா?”

“இல்ல சார். டேட்டாபேஸ்ல சரியா இருக்கு. சேதுல ஒரு எடத்துல யாரோ…”

“யாரோவா?” அவர் குரல் உயர்ந்தது. “சேதுவுல யாரோ எப்படி எழுதுவாங்க? முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் நான் எழுதினது! வேற ஒருத்தன் விரல் பட்டதில்ல அதுல!”

“அப்ப சரி சார்,” என்றாள் மெஹக். “அந்த யாரோ நீங்கதான்.”

திரையை அவர் பக்கம் திருப்பிவைத்தாள். எழுத்தை அவள் முன்பே பெரிதாக்கி வைத்திருந்தாள். பக்தவத்சலம் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார். பிறகு படியிறங்கிப் போய்விட்டார்.

மெஹக்குக்கு உட்கார முடியவில்லை. ஐந்து வருஷமாகச் சோறு போடுகிற மனுஷனிடம் இப்படிப் பட்டென்று சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. வேறு எப்படிச் சொல்லியிருக்க முடியும் என்றும் தோன்றியது. இருபது நிமிஷம் கழித்து அவர் திரும்பி வந்தார். கையில் ஒரு பொட்டலம். அதில் நான்கு வடை. அவள் மேஜையில் வைத்தார்.

“எண் வர்ற எடத்த முழுசா பிரிச்சுப் போட்டு நீயே எழுது,” என்றார். “நாளைக்கு சாயங்காலம் முடியணும்.”

மெஹக் எழுதினாள். மெஷினின் இரண்டு இரண்டுக் கணக்கே வேண்டாம் என்று முடிவு செய்தாள். துண்டுகள் வந்தது வந்தபடி இருக்கும். குறிப்புகளும் கூடவே இருக்கும். காட்டச் சொன்னால் புள்ளியை அதனிடத்தில் வைத்து, கேட்ட இலக்கம் மட்டும் காட்டும். அந்தப் புது வடிவத்துக்குத் ‘தசமம்’ என்று பெயர் வைத்தாள். 25.0000 கொடுத்தாள், 25.0000 வந்தது. 300.0 கொடுத்தாள், 300.0 வந்தது. ஐம்பது இலக்கத்தில் ஒரு பூதாகாரமான எண்ணைக் கொடுத்தாள். அதுவும் அலுங்காமல் குலுங்காமல் வந்து நின்றது. ஏகாம்பரத்தின் வயது 58 என்று அடக்கமாக வந்தபோது அவளுக்கு யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போலிருந்தது.

வியாழக்கிழமை மதியம் மூன்று மணிக்கு முடித்து அவரிடம் கொடுத்தாள். பார்த்துவிட்டுத் தலையாட்டுவார் என்று நினைத்தாள். பக்தவத்சலம் அதைத் தாளில் அச்செடுத்தார். காலண்டரில் ஒரு மாதத்தைக் கிழித்து, பின்பக்கத்தில் பென்சிலால் எதையோ எழுதி எழுதிப் பார்த்தார். போன் அடித்தது; எடுக்கவில்லை. டீ வந்தது, ஆடை கட்டியது. இரண்டு மணி நேரம் அவர் இப்படி ஒரே இடத்தில் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

ஐந்து மணிக்குக் கூப்பிட்டார். முகத்தில் ஒரு தினுசான பிரகாசம்.

“மெஹக்கு, புள்ளி சைபர் சைபர் சைபர் சைபர் ரெண்டு. இத உன் தசமத்துல போடு.”

அவள் 0.00002 என்று அடித்தாள். திரையில் வந்தது: 0.20000.

மெஹக்கின் காது இரண்டும் சூடாகின. ஒரு கணம் கழித்துத்தான் புரிந்தது. புள்ளிக்குப் பின்னால் முதல் நான்கும் சைபர். அந்தத் துண்டை டேட்டாபேஸ் அனுப்பாது. அடுத்த துண்டை மட்டும் அனுப்பி, ‘இது இரண்டாவது இடத்தில் நிற்க வேண்டியது’ என்று குறிப்பு வைக்கும். மெஹக் அதைப் புள்ளிக்கு அடுத்தே கொண்டுபோய் ஒட்டியிருந்தாள்.

“சுசீலாகிட்ட மாஸ்டர் கேஜ் ஒண்ணு இருக்கு,” என்றார் பக்தவத்சலம். குரலில் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. “மத்த கேஜையெல்லாம் அத வச்சுத்தான் சோதிக்கறாங்க. அதோட பிழை இவ்வளவுதான். நீ அத பத்தாயிரம் மடங்கு ஆக்கிட்ட. நாளைக்கு அந்தக் கோயமுத்தூர்க்காரர் பாத்திருந்தா அந்தம்மா கூடத்தையே இழுத்து மூடியிருப்பாரு. மூடின கையோட அந்தம்மா நேரா இங்க படியேறி வந்திருக்கும்.”

“சாரி சார். இது எப்படி எனக்கு…”

“நான் பின்னாடி இருந்த சைபரைத் தின்னேன். நீ முன்னாடி இருந்ததத் தின்னுட்ட.” வயிறு குலுங்கச் சிரித்தார். “ரெண்டு பேர்ல யாருக்கும்மா பசி ஜாஸ்தி?”

மெஹக்குக்கு முதலில் அழுகை வரும் போலிருந்தது, பிறகு சிரிப்புதான் வந்தது. இரண்டு நாளாக அந்த அறையில் இருந்த இறுக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. நாற்காலியை அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். அவர் காலண்டர் தாளில் துண்டுகளைப் படம் போட்டுக் காட்ட, அவள் திருத்த, ஆறரைக்குள் சரியாகிவிட்டது. அதன்பிறகு இன்னும் அரைமணி நேரம், இதையும் போடு அதையும் போடு என்று அவர் விதவிதமான எண்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். எல்லாம் சரியாக வந்தன. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்திருக்கலாம்.

வெள்ளிக்கிழமை ஆடிட்டுக்கு மெஹக்கும் கூடத்தில் போய் நின்றாள். கோயமுத்தூர்க்காரர் அதிகம் பேசாத மனிதர். ஸ்கேலின் சான்றிதழையும் ஸ்லிப் கேஜின் சான்றிதழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“ஒண்ணுல ஒரு இலக்கம் இருக்குது, இன்னொண்ணுல நாலு இருக்குது. இத ஆருங்க முடிவு பண்றது?”

“அளக்கறவர்தான் சார்,” என்றார் சுசீலா. “புரோகிராம் அதுல தலையிடாது.”

ஏகாம்பரம் பின்னாலிருந்து மெஹக்கின் காதருகில், “இப்போ தலையிடாது,” என்றார். ஆய்வாளர் ஏதோ குறித்துக்கொண்டு அடுத்த தாளுக்குப் போனார். மதியம் சாப்பாட்டுக்குள் ஆடிட் முடிந்தது. ஒரு குறை மட்டும் எழுதினார்: தீயணைப்பான் இருக்கிற இடத்துக்குப் போகும் வழியில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தது.

சுசீலா மெஹக்கிடம் நன்றி சொல்லவில்லை. “நல்லா வந்திருக்கு,” என்று மட்டும் சொன்னார். அவர் வாயிலிருந்து அது வந்ததை ஏகாம்பரம் இருபது வருஷத்தில் இரண்டாம் முறையாகக் கேட்பதாகச் சொன்னார்.

அதோடு விட்டிருக்கலாம். பக்தவத்சலம் விடவில்லை. மீதி இருபத்தொரு வாடிக்கையாளருக்கும் தானே போன் செய்து, ஒன்பது வருஷத்துக்கும் மேலாக அவர்களுடைய சைபர்களைத் தான் தின்று வந்திருப்பதாக ஒப்புக்கொள்வது என்று முடிவு செய்தார். சனிக்கிழமை முழுவதும் அதுதான் வேலை. பாதிப் பேருக்கு அவர் எதற்காக மன்னிப்புக் கேட்கிறார் என்றே விளங்கவில்லை. ஒருவர், “உடம்பு கிடம்பு சரியில்லையா சார்?” என்று கேட்டார்.

வேப்பம்பட்டில் ஒரு மாட்டுத்தீவன ஆலை. அங்கே தரம் பார்க்கிற எழிலரசி மட்டும் உடனே புரிந்துகொண்டாள்.

“ஓ, அந்த சைபரா சார்? அது வராதுன்னு எங்களுக்குத் தெரியும். ஈரப்பதம் ஒன்பது புள்ளி அஞ்சு சைபர்னு வரணும், ஒன்பது புள்ளி அஞ்சுன்னுதான் வரும். நாங்களே பேனாவால போட்டுக்குவோம்.”

“எவ்வளவு நாளா?”

“நான் வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து. ஆறு வருஷம் இருக்கும். எனக்கு முன்னாடி இருந்த அக்காதான் சொல்லிக் குடுத்தாங்க.”

பக்தவத்சலம் போனை வைத்தார். “திங்கக்கிழமை நேர்ல போறோம்,” என்றார்.

திங்கட்கிழமை இருவரும் அம்பத்தூரில் ரயிலேறி வேப்பம்பட்டில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் ஆலைக்குப் போனார்கள். எங்கு பார்த்தாலும் பிண்ணாக்கு வாசனை. எழிலரசி இருபத்தெட்டு முப்பது வயசுக்காரி. மேஜைமேல் ஒரு டம்ளர் நிறைய நீலப் பேனாக்கள் வைத்திருந்தாள். மெஹக் புதுச் சேதுவைப் போட்டுவிட்டு, அன்றைய முதல் அறிக்கையை அச்செடுத்தாள்.

ஈரப்பதம்: 9.50. புரதம்: 20.00. எல்லாம் இருந்தது.

பக்தவத்சலம் தாளை இரண்டு கையாலும் எடுத்து எழிலரசியிடம் கொடுத்தார். “பாரும்மா, இனிமே பேனா வேணாம்.”

“ரொம்ப தேங்க்ஸ் சார்,” என்றாள் எழிலரசி மனப்பூர்வமாக. தாளை மேஜைமேல் வைத்து நேராக்கினாள். அவள் கை தானாகப் போய் டம்ளரிலிருந்து ஒரு பேனாவை எடுத்தது. 9.50-க்குப் பக்கத்தில் அழகாக, உருண்டையாக, இன்னொரு சைபர் போட்டாள்.